தண்ணீர் டம்ளரைத் தள்ளி வையுங்கள்!
உடல் பருமன் ஆபரேஷனுக்கு முன்பே மாற வேண்டிய பழக்கங்கள்

கரியாஹாட் நாற்சந்தியில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். ஒரு பக்கம் புச்கா வண்டி. நம் ஊரில் பானி பூரி என்பார்களே, அதுதான். நடைபாதைப் புடவைக் கடைகளுக்கு நடுவே எண்ணெய்ச் சட்டியில் கத்தரிக்காய் பஜ்ஜி பொரிந்துகொண்டிருக்கும். மண் குவளையில் ஆவி பறக்கும் டீ. இனிப்புக் கடையில் சட்டி சட்டியாக மிஷ்டி தோய். ஆபீஸ் விட்டு வரும் மனிதன் இத்தனையையும் தாண்டி வெறும் வாயோடு வீடு போய்ச் சேர்வது லேசான காரியமல்ல.

அங்கிருந்து ராஷ்பிஹாரி அவென்யூவில் மேற்கே நடந்தால் லேக் மார்க்கெட். வாழை இலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், காப்பிப் பொடி என்று நம் ஊர்ச் சாமான்கள் கிடைக்கும் இடம். ஆக, வங்காளத்துத் தின்பண்டமும் தமிழ்நாட்டுச் சாப்பாடும் இரண்டுமே நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நம்மில் பலர் இரண்டையும் விடுவதில்லை.

என் நண்பர் ஒருவரும் விடவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இருபத்திரண்டு வருஷமாக இங்கே வாசம். டல்ஹவுசியில் ஒரு கம்பெனியில் கிளார்க். உயரம் 165 சென்டிமீட்டர். எடை 112 கிலோ. சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம், இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தொல்லை எல்லாம் சேர்ந்துகொண்டன. காளிகாட் மெட்ரோ நிலையப் படிக்கட்டில் இரண்டு தடவை நின்று இளைப்பாறாமல் அவரால் ஏற முடியாது. பத்தியம், நடை, மருந்து என்று பல வருஷம் முயன்று பார்த்த பிறகு, வயிற்றைச் சிறியதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்வதென்று டாக்டரும் அவரும் முடிவு செய்தார்கள். தேதியும் குறித்தாகிவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வேதனை என்றும் சொல்லலாம்.

கடைசி விருந்து

தேதி குறித்த நாளிலிருந்து நண்பருக்கு விருந்து ஆரம்பமாகிவிட்டது. ஆபீஸ் சகாக்கள் பிரியாணிக்கு அழைத்தார்கள். பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பம் லூச்சியும் ரசகுல்லாவும் கொடுத்தனுப்பியது. வீட்டில் அதிரசம் சுட்டார்கள். நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்:

"இனிமே இதையெல்லாம் கண்ணால பாக்கத்தானே முடியும், அண்ணாச்சி? அதான் ஒரு தடவை நல்லா சாப்பிட்டுக்கிடுதேன்."

ஆபரேஷனுக்கு முன் பரிசோதனைக்குப் போனபோது எடை நாலு கிலோ கூடியிருந்தது. ஸ்கேனில் ஈரல் கொழுப்பேறிப் பெருத்திருந்தது. டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆறு வாரம் தள்ளிப் போட்டுவிட்டு, உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். நண்பர் எடுத்த லீவும், ஊரிலிருந்து துணைக்கு வந்திருந்த மைத்துனரின் ரயில் டிக்கெட்டும் வீண்.

இது அவர் ஒருவருடைய கதை மட்டுமல்ல. உலகம் முழுவதும் இந்த ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர், உணவுக்கு விடை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு இப்படித்தான் செய்கிறார்கள். "கத்தி வைத்த பிறகு பழக்கம் தானாக மாறிவிடும்" என்ற நம்பிக்கையே காரணம். உண்மை நேர்மாறானது. கத்தி வயிற்றைத்தான் சிறிதாக்கும். நாக்கையும் கையையும் அது தொடாது.

ஈரல் ஏன் இளைக்க வேண்டும்?

இந்த ஆபரேஷன் நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து டாக்டர் எட்வர்ட் மேசன் 1966இல் இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் முறையைத் தொடங்கிவைத்தார். இன்று அதிகமாக நடப்பவை இரண்டு. ஒன்றில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய்போல் விட்டுவிடுகிறார்கள். அதில் 100 முதல் 150 மில்லி வரை கொள்ளும். ஒரு சின்னக் காப்பி டம்ளர் அளவு. இன்னொன்றில் இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, நேராகக் குடலோடு இணைத்துவிடுகிறார்கள். சாதாரண இரைப்பையோ விருந்து நாளில் ஒரு லிட்டருக்கு மேலேயே தாங்கும்.

இரண்டும் வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியே பார்த்துச் செய்யப்படுபவை. இங்கேதான் ஈரல் குறுக்கே வருகிறது. ஈரலின் இடது மடல் இரைப்பையின் மேல்பாகத்தை மூடிக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கிப் பிடித்தால்தான் டாக்டருக்கு வேலை செய்யும் இடம் தெரியும். கொழுப்பேறிய ஈரல் கனமாக இருக்கும். தூக்கும்போது கிழிந்து ரத்தம் கசியவும் கூடும். அப்படிப்பட்ட நிலையில் துளை முறையை விட்டு வயிற்றைத் திறக்கவோ, ஆபரேஷனையே நிறுத்தவோ நேரலாம்.

நல்லவேளையாக, ஈரல் சீக்கிரம் இளைக்கும் உறுப்பு. நாம் சாப்பிடும் சோறு, இட்லி, சர்க்கரை ஆகியவற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதியை ஈரல் சேமித்து வைக்கிறது. அப்படிச் சேமிக்கும் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொள்கிறது. சோற்றையும் சர்க்கரையையும் கடுமையாகக் குறைத்தால் முதலில் இந்தச் சேமிப்பு கரைகிறது. பின்பு கொழுப்பும் குறைகிறது. அதனால்தான் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்கு முந்திய இரண்டு வாரத்துக்குத் தனி உணவு எழுதிக் கொடுக்கிறார்கள். மொத்தம் 800 முதல் 1000 கலோரி; புரதம் அதிகம், மாவுச்சத்து குறைவு.

2017இல் எகிப்திலிருந்து மும்பைக்குச் சரக்கு விமானத்தில் ஒரு பெண்மணியைக் கொண்டுவந்தார்கள். எடை சுமார் 500 கிலோ என்று பத்திரிகைகள் எழுதின. பிப்ரவரியில் வந்தவருக்கு உடனே ஆபரேஷன் செய்துவிடவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் திரவ உணவிலேயே வைத்து, எடையைக் கணிசமாகக் குறைத்த பிறகு, மார்ச் மாதம்தான் செய்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் அவர் அபுதாபியில் காலமானார். எல்லா வியாதியையும் இந்த ஆபரேஷன் தீர்த்துவிடும் என்று எண்ணக்கூடாது என்பதற்கும் அது ஓர் உதாரணம்.

இரண்டு மொழிக்கும் ஒரே வார்த்தை

நண்பருக்கு உணவு ஆலோசகர் சொன்ன முதல் விதி: "சாப்பாடு வேறு, தண்ணீர் வேறு." சாப்பிடுவதற்கு அரை மணி முன்பே குடிப்பதை நிறுத்த வேண்டும். சாப்பிடும்போது ஒரு மடக்கும் கூடாது. சாப்பிட்டு அரை மணி கழித்தே மறுபடி தண்ணீர்.

கேட்க எளிது. நமக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை யோசித்துப் பாருங்கள். வங்காளிகளுக்குச் சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் ஒரே வார்த்தைதான். சோறும் "காபோ", தண்ணீரும் "காபோ", டீயும் "காபோ", சிகரெட்டும் "காபோ"தான். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நம்மில் உண்டு. ஆனால் நாம் மட்டும் என்ன? வந்தவரை "காப்பி சாப்பிடுறீங்களா?" என்றுதானே உபசரிக்கிறோம்?

பேச்சில் மட்டுமல்ல, பந்தியிலும் அப்படியே. இலை போட்டதும் முதலில் வருவது தண்ணீர் டம்ளர். சாம்பார்ச் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று மூன்று தரமும் சோறும் நீரும் கலந்தே இறங்குகின்றன. தொண்டையில் அடைத்தால் ஒரு வாய் தண்ணீர். காரம் என்றால் இன்னொரு வாய்.

ஆபரேஷனுக்குப் பின் காப்பி டம்ளர் அளவு வயிற்றில் சோறும் தண்ணீரும் சேர்ந்து போனால் இடம் போதாது. வலியும் வாந்தியும் வரும். தண்ணீரே இடத்தை அடைத்துக்கொண்டால் உடம்புக்கு வேண்டிய புரதத்துக்கு இடமிருக்காது. நாற்பது வருஷப் பழக்கத்தை ஆபரேஷன் செய்த மறுநாள் காலையில் மாற்ற முடியுமா? ஆகவேதான் முன்கூட்டியே பழகச் சொல்கிறார்கள்.

தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்பதையும் கவனிக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தேவை. அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொள்ளாமல் வாய் வாயாகக் குடிக்க வேண்டும். நண்பர் இருமல் மருந்து அளக்கும் சின்ன மூடியில் 30 மில்லி ஊற்றிக் குடித்துப் பழகினார். முதல் வாரம் ஆபீசில் எல்லோரும் சிரித்தார்களாம்.

டீயும் காப்பியும் சோடாவும்

ஆபீசில் நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால், சுமார் 40 கிராம் சர்க்கரை டீயிலேயே போய்விடுகிறது. 300 மில்லி கோலா பாட்டில் ஒன்றில் ஏறக்குறைய 30 கிராம் இருக்கிறது. இவை வயிற்றை நிரப்புவதும் இல்லை, பசியை ஆற்றுவதும் இல்லை. சிறுத்த வயிற்றிலும் தடையின்றி இறங்கிவிடும். ஆபரேஷன் செய்தும் எடை குறையாதவர்களில் பலர் சர்க்கரையைக் "குடித்தே" ஏமாந்தவர்கள்.

குடல் இணைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, மயக்கம் எல்லாம் வரும். அதனால் இப்போதே சர்க்கரையை விட்டுவிட வேண்டும்.

சோடா, கோலா போன்ற காற்றடைத்த பானங்கள் சின்ன வயிற்றை உப்ப வைத்து வலி தரும்; கூடவே கூடாது. காப்பியை ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும். நாலு டம்ளரை மூன்றாக்கி, இரண்டாக்கி, படிப்படியாக இறங்குவது நல்லது.

சிகரெட், பீடி, கைனி, ஜர்தா பான் எல்லாவற்றையும் குறைந்தது ஆறு வாரம் முன்பே விட்டாக வேண்டும். புகையிலை புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். பின்னால் வயிற்றுப் புண்ணையும் கொண்டுவரும். மது விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. ஆபரேஷனுக்குப் பின் கொஞ்சமே குடித்தாலும் சீக்கிரம் ஏறும். சாப்பாட்டில் இழந்த சுகத்தை மதுவில் தேடிப் போய் அடிமையானவர்களும் இருக்கிறார்கள்.

இலையைத் திருப்பிப் போடுங்கள்

நம் சாப்பாட்டில் சோறு ராஜா, மற்றவை பரிவாரம். இந்த ஆபரேஷனுக்குப் போகிறவர் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் புரதம், அடுத்தது காய்கறி, கடைசியில் இடமிருந்தால் கொஞ்சம் சோறு. ஆபரேஷனுக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரைந்து, முடி கொட்டி, சோர்ந்து போவார்கள்.

அறுபது கிராமுக்கு எங்கே போவது? ஒரு முட்டையில் 6 கிராம். சமைத்த மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம். கரியாஹாட் மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. வறுக்காமல் குழம்பாகவோ ஆவியிலோ செய்ய வேண்டும், அவ்வளவுதான். மரக்கறிக்காரர்களுக்கு வங்காளம் தந்த வரம் சானா. அதே சானாவைச் சர்க்கரைப் பாகில் போட்டால்தான் ரசகுல்லா. பாகில் போடாமல் சாப்பிட்டால் புரதம். பருப்பு, பயறு, சோயா, தயிர், பொட்டுக்கடலை எல்லாம் கைகொடுக்கும். ஓர் இட்லியில் இரண்டு கிராம்தான் தேறும். ஆறு இட்லி சாப்பிட்டாலும் கணக்கு நிறையாது.

அடுத்தது வேகம். ஆபீசுக்குப் பறக்கிற நாம் ஐந்து நிமிஷத்தில் தட்டைக் காலி செய்கிறோம். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆகும் என்பார்கள். வாய்க்கு வாய் இருபது தடவை மென்று, இருபது முப்பது நிமிஷம் உட்கார்ந்து சாப்பிடப் பழக வேண்டும். சின்னத் தட்டு, சின்னக் கரண்டி உதவும். டெலிவிஷனோ கைப்பேசியோ பார்த்துக்கொண்டு சாப்பிடுவதை நிறுத்த வேண்டும். "இன்னும் இரண்டு வாய் போகும்" என்று தோன்றும்போதே எழுந்துவிட வேண்டும்.

டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்

இதைப் படித்துவிட்டு நாளையே யாரும் சோற்றை நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவை மட்டும் குறைத்து மருந்தைக் குறைக்காவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதம் கூட்டுவதே ஆபத்தாகலாம். எல்லாம் டாக்டர் சொற்படிதான்.

இரும்புச்சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றை ஆபரேஷனுக்கு முன்பே சோதித்துக் குறையிருந்தால் சரி செய்ய வேண்டும். பி12 குறைவு மரக்கறிக்காரர்களிடம் அதிகம். பின்னாலும் வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுவதும் உண்டு.

எடை குறைக்கும் புது ஊசிகள் 2025 முதல் இந்தியாவிலும் பரவலாகப் பேசப்படுகின்றன. அவற்றைப் போட்டுக்கொள்பவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஊசியால் வயிறு மெதுவாகத்தான் காலியாகும். மயக்கத்தில் உணவு மேலே வந்து நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு முன் எடை குறைத்தவர்களுக்குத்தான் பிறகும் நன்றாகக் குறையும் என்று ஆய்வுகள் அடித்துச் சொல்லவில்லை. முன் உணவின் லாபம் இரண்டு: ஈரல் இளைத்து ஆபரேஷன் பத்திரமாக நடக்கும், பின்னால் வாழப்போகிற வாழ்க்கைக்கு ஒத்திகை கிடைக்கும்.

யாருக்கு? செலவு?

உடல் பருமனை அளக்க, எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் மீட்டர் வர்க்கத்தால் வகுக்கிறார்கள். நண்பருக்கு இது 41. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 95 கிலோ என்றால் 35 வரும். 109 கிலோ என்றால் 40 வரும். 1991இல் அமெரிக்காவில் வகுத்த விதிப்படி 40க்கு மேல், அல்லது கூட வியாதியும் இருந்தால் 35க்கு மேல், ஆபரேஷன் செய்யலாம். 2022இல் உலக நிபுணர் சங்கங்கள் இந்த அளவை இன்னும் தளர்த்தின; நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வியாதி வருவதால் தனியாகக் குறைந்த அளவையும் சொன்னார்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மட்டும் பழைய கணக்கையே கேட்கும். ஒழுங்கு ஆணையம் 2019இல் வகுத்த நிபந்தனைப்படி, வயது 18க்கு மேல், டாக்டர் சிபாரிசு, எண் 40, அல்லது கடுமையான உடன் வியாதிகளோடு 35 என்று இருக்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் செலவு லட்சக்கணக்கில் ஆவதால், பாலிசியில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இது நமக்கு எங்கோ நடக்கிற சங்கதியல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் நூறு பெண்களில் 24 பேர் அதிக எடையுள்ளவர்கள். தமிழ்நாட்டிலோ 40 பேர்.

வீட்டுக்காரம்மாவின் கேள்வி

நண்பர் வீட்டில் இந்தத் தீர்மானத்தை ஏற்றுக்கொள்ளச் சிரமப்பட்டவர் அவருடைய மனைவிதான். ஒருநாள் என்னிடமே கேட்டுவிட்டார்:

"சோத்தை அளந்து போடணும்னா எனக்குக் கை வரமாட்டேங்கு, அண்ணாச்சி. ஊர்ல அத்தை கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

நியாயமான கேள்வி. ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து வாழ்கிற நமக்குச் சாப்பாடுதான் ஊர். பாஷை மாறிவிட்டது, தெரு மாறிவிட்டது. மத்தியானம் இலையில் விழும் சோறும் குழம்பும்தான் மாறவில்லை. அதைக் குறைப்பது பாசத்தைக் குறைப்பதுபோல் தோன்றுகிறது. "மெலிஞ்சு போயிட்டியே" என்று ஊரில் வருத்தப்படுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. பல பேர் ஆபரேஷன் விஷயத்தைச் சொந்தக்காரர்களிடமே மறைக்கிறார்கள். மறைத்தால் உபசாரமும் நிற்காது. வீட்டிலுள்ளவர்களுக்கு விஷயத்தைச் சொல்லி, அவர்களையும் உணவு ஆலோசகரிடம் கூட்டிப் போவதே நல்லது.

நண்பரின் மனைவி கூடப் போனார். ஸ்கேன் படத்தில் ஈரலைக் காட்டி விளக்கியதும் அவருக்குப் புரிந்தது. மறுநாளே சாப்பிடும் இடத்திலிருந்து தண்ணீர்ச் செம்பை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டார். மாமியாரிடம் போனில் அவரே விஷயத்தைச் சொன்னார். குழம்பு மாறவில்லை, கரண்டிதான் சிறியதாகியிருக்கிறது. மாலையில் இரண்டு பேரும் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் மெதுவாக நடக்கிறார்கள்.

ஐந்து வாரத்தில் ஏழு கிலோ குறைந்திருக்கிறது. மறு ஸ்கேனில் ஈரல் இளைத்திருக்கிறது. அடுத்த வாரம் ஆபரேஷன். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கம்போல் "காப்பி சாப்பிடுங்க, அண்ணாச்சி" என்று எனக்கு ஒரு டம்ளர் வந்தது. நண்பர் ஜன்னலோரம் உட்கார்ந்து, மருந்து மூடியில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"ஆபரேஷனுக்குப் பயந்தேன், அண்ணாச்சி. ஆனா கஷ்டமானதை இப்பவே பாதி முடிச்சிட்டேன்னு தோணுது" என்றார்.

ஆபரேஷன் பண்ணிக்கொள்ளப் போகிறவர்கள் கடைசி விருந்தை மறந்துவிட்டு, முதல் வேலையாக இலைக்குப் பக்கத்திலிருக்கும் டம்ளரைத் தள்ளி வையுங்கள். ஆபரேஷனே வேண்டாத நமக்கும், சர்க்கரை இல்லாத டீயும் நிதானமாக மென்று சாப்பிடுவதும் நன்மையே செய்யும்.